உம் கொட்டுவோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற மார்கழித் திங்களில் நம் சங்கம் இணைய வழியாக நடத்திய கதை மாலையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். எத்தனை குடும்பங்கள் கலந்து கொண்டன, எவ்வளவு செலவாயிற்று என்ற விவரங்களைச் செயலாளர் அவர்கள் தம் ஆண்டறிக்கையில் படித்துவிட்டார்கள். எனவே அவற்றை விடுத்து, ஒரே ஒரு சிறு சொல்லைப் பற்றி மட்டும் உங்கள் முன் பேச விரும்புகிறேன். அகராதியில் தேடினால் அச்சொல்லுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் இராது. பாட்டிமார் கதை சொல்லும்போது கேட்டிருக்கும் பிள்ளை இடையிடையே சொல்லும் 'உம்' என்பதே அச்சொல்.

கேரள நாட்டில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உள்ளன. நம்முடைய ஆனைக்கரை பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பாரதப்புழையை அடுத்து இருப்பது. மற்றோர் ஆனைக்கரை இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்குச் செல்லும் வழியில், ஏலத் தோட்டங்களின் நடுவே இருப்பது. இடுக்கி மாவட்டத்தில் இன்றளவும் ரயில் பாதை இல்லையாகையால், என் உத்தியோகத்திற்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் நம் காலனியில் வாழும் குடும்பங்கள் சிலவற்றுக்கு அங்கே உறவினர் உண்டு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலம் எடுக்க மலையேறி, அங்கேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். இரண்டு ஆனைக்கரைகளையும் ஒரு மாலைப் பொழுதில் ஒன்று சேர்ப்பதே கதை மாலையின் முதல் நோக்கமாக இருந்தது. பிறகு ஒருவர் கையைப் பிடித்து ஒருவராக வேற்று நாட்டாரும் வந்து சேர்ந்து கொண்டனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்று நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது கற்றுக் கொண்ட வித்தை இது. தொற்று போன பின்னும் வித்தை நம்மிடமே தங்கிவிட்டது.

அன்று கதை சொன்னவர்களுள் மூத்தவர் இடுக்கி ஆனைக்கரையில் வாழ்ந்த ஒரு மூதாட்டியார். எண்பது வயதைக் கடந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொன்னது ஆதி பகவன் கதை. பகவன் தன் மனைவி ஆதிக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறான். வழியில் பிள்ளை பிறந்தால் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் தன் பின்னே வர வேண்டும் என்பதே அது. அவ்வாறு விடப்பட்டவர்கள் எழுவர். ஔவை, உப்பை, உறுவை, வள்ளி, அதிகமான், கபிலர், வள்ளுவர் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்தணர் வீட்டில் ஒரு பிள்ளை, வண்ணார் வீட்டில் ஒரு பிள்ளை, குறவர் குடியில் ஒரு பிள்ளை, கள் இறக்குவோர் சேரியில் ஒரு பிள்ளை என இடத்துக்கு ஒன்றாக வளர்ந்தன என்பது கதை.

அடுத்துப் பேசியவர் நம் காலனிக்கு அண்டை வீட்டுக்காரரான மலையாள ஆசிரியர்; ஓய்வு பெற்றவர். அவர் திகைப்போடு தொடங்கினார். "நான் சொல்ல வந்த கதையை அம்மையார் சொல்லி முடித்துவிட்டார்களே!" என்றார். அவர் சொல்ல வந்தது 'பறயி பெற்ற பந்திருகுலம்' என்னும் கதை. 1909-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஐதிஹ்யமாலை என்னும் நூலில் கொட்டாரத்தில் சங்குண்ணி அதனை எழுதி வைத்திருக்கிறார். அதிலும் கணவன், மனைவி இருவரும் நாடு சுற்றுகிறார்கள். கணவன் வரருசி என்னும் பண்டிதன். பிள்ளை பிறந்ததும் "வாய் உண்டா?" என்று கேட்பான். "உண்டு" என்றால், வாயைக் கொடுத்தவன் உணவையும் கொடுப்பான் என்று சொல்லி, அங்கேயே விட்டுவிட்டு நடப்பான். அங்கே எழுவர், இங்கே பன்னிருவர், அதுவே வேறுபாடு. அந்தப் பன்னிருவரில் ஒருவன் பெயர் வள்ளோன். நம் திருவள்ளுவரே அவன் எனக் கூறுவாரும் உளர்.

இக்கதை நம் காலடி மண்ணைச் சேர்ந்தது என்பதை அன்றுதான் நம்முள் பலர் அறிந்தோம். பன்னிருவரில் ஒருவனான பெருந்தச்சன், தன் உளியையும் முழக்கோலையும் வைத்துவிட்டுப் போனதாக ஐதிகம் கூறும் பன்னியூர் வராகமூர்த்தி கோவில் நம் பஞ்சாயத்திலேயே இருக்கிறது. நாராணத்துப் பிராந்தன் கல்லை மலை உச்சிக்கு உருட்டிக் கொண்டு போய், அங்கிருந்து கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்த இராயிரநெல்லூர் மலை, பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. துலா மாதம் முதல் நாள் அங்கே மக்கள் திரளாக மலையேறுவதை நம்மில் சிலர் கண்டிருக்கிறோம். ஏன் ஏறுகிறார்கள் என்று கேட்டிலோம். வேலைக்காக ஓர் ஊருக்கு வந்தவன் அவ்வூரின் பேருந்து நேரங்களை ஒரு வாரத்தில் அறிந்து கொள்கிறான். அவ்வூரின் கதைகளை அறிய அவனுக்கு இருபது ஆண்டு ஆகிறது.

பன்னிருவரில் கடைசிப் பிள்ளையின் வரலாறு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பதினொரு பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய், இந்த ஒன்றையாவது வைத்துக் கொள்ளலாம் என்று எண்ணி, "வாய் இல்லை" என்று பொய் சொன்னாள். சொன்னபடியே பிள்ளை வாயில்லாமற் போயிற்று. அப்பிள்ளையை மலைமேல் தெய்வமாக நிறுத்தினார்கள். வாயில்லாக் குன்னிலப்பன் என்று பெயர். பாலக்காடு மாவட்டத்துக் கடம்பழிப்புறம் அந்தத் தலத்தைக் கொண்ட ஊர்.

இக்கதையை ஆசிரியர் சொல்லும்போது எங்கள் திரையில் முப்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். ஒவ்வொன்றின் மூலையிலும், ஒலிவாங்கி அடைக்கப்பட்டது என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு. குக்கர் விசிலும் நாய்க் குரைப்பும் புகுந்துவிடாதிருக்க, இணையக் கூட்டங்களில் பேசுவோரைத் தவிர ஏனையோரின் ஒலிவாங்கிகளை அடைத்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். முப்பது கட்டங்களிலும் வாயில்லாக் குன்னிலப்பர்கள்!

இனி மூதாட்டியாரிடம் திரும்புகிறேன். அவர் கதையைத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, நின்றுவிட்டார். கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, இதுல ஆளு இருக்காகளா இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோமே" என்றார். உள்ளே நாற்பது, ஐம்பது பேர் கேட்டுக் கொண்டுதான் இருந்தோம். கையசைத்தோம், தலையாட்டினோம். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போதியிராது. ஏனெனில் அவருக்கு வேண்டியது தலையசைவு அன்று; ஒலி. அப்பொழுது பக்கத்தில் அமர்ந்திருந்த பேத்தி, பதினோரு வயதுச் சிறுமி, "நான் இருக்கேன் அப்பத்தா, சொல்லுங்க" என்றாள். "அப்ப நீ உம் கொட்டு" என்றார் மூதாட்டியார். பேத்தி உம் கொட்டினாள். கதை ஓடலாயிற்று. இலவசக் கூட்டத்திற்கு ஜூம் நிறுவனம் அளிக்கும் 40 நிமிடமும் கழிந்து, திரை தானே அணைந்து, நாங்கள் மறுபடியும் உள்ளே நுழைந்து கேட்கும் அளவுக்கு ஓடிற்று.

இதில் வியப்பு யாதெனில், அதே கதையை அம்மூதாட்டியார் முன்னொரு முறை கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். மகன் கைப்பேசியை எதிரில் நிறுத்தி வைத்துவிட்டு, சத்தம் கூடாதென்று கதவையும் சாத்திவிட்டு வெளியே போயிருந்தார். அந்தப் பதிவை நான் கேட்டேன். சொன்னவர் அவரே, கதையும் அதுவே. மொத்தம் 11 நிமிடம்! எழுவரின் பெயரும் வரிசையாக வந்துவிடுகின்றன. எங்கே பிறந்தார்கள், யார் வளர்த்தார்கள் என்பதும் வந்துவிடுகிறது. பரீட்சைக்கு ஒப்பிக்கும் மாணவனைப் போல ஒப்பித்து, "அம்புட்டுத்தேன்" என்று முடித்துவிட்டார்.

கதை மாலையில் அவ்வாறில்லை. பேத்தி வெறும் உம் மட்டுமா கொட்டினாள்? "பிள்ளை பெத்த அன்னைக்கே எப்படி அப்பத்தா நடந்தாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாக ஆதி மரத்தைப் பிடித்துக் கொண்டு நடந்ததும், வழியில் ஒரு கிழவி அவள் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டிவிட்டதும் வந்தன. "அவுங்களுக்குப் பால் கட்டிக்கிராதா?" என்று கேட்டாள். கேட்ட கேள்விக்கு எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் சிலர் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள், மூதாட்டியார் திருப்பவில்லை. மார்புச் சேலை நனைய நனைய ஆதி நடந்ததையும், நனைந்ததைக் கணவன் கண்டு, ஒன்றும் பேசாமல் நடையைக் குறைத்ததையும் சொன்னார். எந்த அச்சுப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. பகவன் நடையைக் குறைத்தான் என்ற அந்த ஓர் இடத்தில், கதையிலே கல்லாக இருந்தவன் மனிதனாகிவிட்டான். பேத்தி கேளாதிருந்தால் அது வெளிவந்தே இராது.

ஆகவே உம் கொட்டுதல் என்பது மரியாதைக்காகச் செய்யும் சடங்கன்று. கதையின் பாதி கேட்பவரிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஓர் உவமை காட்டுகிறேன். ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால், அடுத்த நிலையத்தார் 'லைன் கிளியர்' கொடுத்தாக வேண்டும். தொலைபேசியில் கொடுக்கும்போது அதற்கென உள்ள இரகசிய எண்ணையும் அவர் சொல்ல வேண்டும். அதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் குறித்தாலன்றி அது செல்லுபடியாகாது. எதிர் முனையிலிருந்து பதில் வராத வரையில், எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாயினும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கதையும் அத்தகையதே.

இஃது ஏதோ நம் கம்பம் பள்ளத்தாக்கின் வழக்கம் என்று எண்ணி விடாதீர்கள். அன்றைய மாலையிலேயே அதற்குச் சான்று கிடைத்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் படிக்கிறாள். அங்கே ஹைத்தி நாட்டிலிருந்து குடியேறிய மக்கள் மிகுதி. அவள் தன் தோழியாகிய ஹைத்திப் பெண்ணொருத்தியை அழைத்து வந்தாள். நமக்கு மாலை 7 மணி. அவர்களுக்கு அதே நாள் காலை 8.30. அப்பெண் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையை நோக்கி, "க்ரிக்?" என்றாள். எல்லோரும் விழித்தோம். மீண்டும் "க்ரிக்?" என்றாள். நம் மாணவி சிரித்துக் கொண்டே விளக்கினாள். அவர்கள் நாட்டில் கதை சொல்பவர் 'க்ரிக்?' என்று கேட்க வேண்டுமாம், கேட்போர் 'க்ராக்!' என்று உரத்துக் கூவ வேண்டுமாம். கூவினால்தான் கதை உண்டு, இல்லையேல் இல்லை. ஒலிவாங்கியைத் திறக்கத் தெரிந்த நம் சிறுவர்கள் திறந்து கூவிய கூச்சலில், பெரியவர்கள் காதைப் பொத்திக் கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டு, 1804-ஆம் ஆண்டில் விடுதலை பெற்று, தமக்கென ஒரு நாட்டை நிறுவிய மக்களின் வழித்தோன்றல் அவள். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேற்றப்பட்டவர்கள் கடல் கடந்து கொண்டு போனவற்றில் கதையும் ஒன்று. அதைக் கேட்கும் முறையும் உடன் போயிற்று.

அதன் பின் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, கினி முதலிய நாடுகளில், 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாட்டாவின் வரலாற்றைப் பரம்பரைப் பாணர்கள் பாடுவர். அவர்கள் பாடும்போது ஒவ்வோர் அடிக்கும் 'நாமு' என்று சொல்வதற்கென்றே ஒருவர் பக்கத்தில் இருப்பார். ராஜஸ்தானத்தில் கதை கேட்பவர் இடும் ஒலிக்கு 'ஹுங்காரா' என்று பெயர். சத்தீஸ்கரில் பாண்டவர் கதையைப் பாடும் பாண்டவானிக் கலையில், பக்கப் பாட்டுக்காரர் 'உம்' போடுவதோடு நில்லாமல், கேட்போர் மனத்தில் எழும் கேள்வியைத் தாமே கேட்டுக் கதையை நகர்த்துவார். 2019-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருது பெற்ற தீஜன் பாய் அம்மையாரின் நிகழ்ச்சிகளைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். நம் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் மட்டும் என்ன? புலவர் ஒன்று சொல்ல, குடம் தட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் 'ஆமா' போடாவிட்டால் வில்லின் மணி வீணே குலுங்கும். ஒருவரை ஒருவர் கண்டிராத மக்கள், கடலும் மலையும் இடையே கிடக்க, இந்த ஒரு செய்தியில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு தடை எழலாம். கேட்பார் இல்லாமலே கதை சொல்வதும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதுவும் நம் ஊர்ப் பக்கத்திலேயே உண்டு. அதுதான் தோல்பாவைக் கூத்து. பாரதப்புழையின் இரு கரைகளிலும் உள்ள பத்ரகாளி கோவில்களின் எதிரே கூத்துமாடம் என்னும் நீண்ட மேடையைக் காணலாம். வெள்ளைத் திரைக்குப் பின்னால், தேங்காய் முறிகளில் எண்ணெய் வார்த்து 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோற்பாவைகளின் நிழலைத் திரையில் வீழ்த்தி, இரவெல்லாம் இராமகதை நடத்துவர். ஷொர்ணூரை அடுத்த கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவுகள் நடைபெறும். சொல்லப்படும் இராமகதை எது தெரியுமா? கம்பனுடையது! வீட்டில் மலையாளம் பேசும் புலவர்கள், கம்பனின் தமிழ்ப் பாட்டுக்களை நூற்றுக்கணக்கில் நெட்டுருச் செய்து, தமிழும் மலையாளமும் கலந்த உரையோடு விரித்துச் சொல்கிறார்கள். இந்த உரைத் தொகுதிக்கு ஆடல்பற்று என்று பெயர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் மலபார், சென்னை இராஜ்யத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. அன்று எல்லைக் கோடு போட்டவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். கூத்துமாடத்துக்குள் இருந்த கம்பனை யாரும் பிரிக்கவில்லை.

கூத்து நடைபெறுவதற்குச் சொல்லப்படும் காரணம் அழகானது. இராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி, தாரிகன் என்னும் அசுரனோடு போர் செய்து கொண்டிருந்தாளாம். அதனால் அந்த யுத்தத்தை அவள் காணவில்லை. காணாத குறை தீர ஆண்டுதோறும் அவள் சன்னிதியில் கூத்தாக நடத்திக் காட்டுகிறார்கள். எனவே மைதானத்தில் ஓர் ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை, அம்மை கேட்கிறாள். நள்ளிரவுக்கு மேல் உண்மையிலேயே ஆள் இருப்பதில்லை. நான் ஒரு முறை பின்னிரவில் கண்டபோது, வேர்க்கடலை விற்பவரும் உறங்கிப் போயிருந்தார்.

அவ்வாறாயின் உம் கொட்டுபவர் யார்? ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அறிஞர் இக்கூத்தை இரவு இரவாகக் கண்டு ஆராய்ந்து, 1996-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை இது: வெளியே கேட்பார் இல்லாத குறையைத் திரைக்குப் பின்னால் இருக்கும் புலவர்கள் தமக்குள்ளேயே நிரப்பிக் கொள்கிறார்கள். ஒருவர் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்க, மற்றவர் ஒலியால் ஒத்துப் பிடிக்கிறார், கேள்வி கேட்கிறார், தடை எழுப்புகிறார், விடை பெறுகிறார். வெளியே வெற்று மைதானம். உள்ளே விடியும்வரை உரையாடல். அம்மை கேட்கிறாள் என்று நம்பும் புலவருக்குக்கூட உம் கொட்ட ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் இக்கலைக்காகப் பத்மஸ்ரீ விருது பெற்ற கே. கே. இராமச்சந்திர புலவரின் குழுவினர், அதே காலத்தில் இயந்திரக் கைகளைக் கொண்டு பாவைகளை ஆட்டும் முயற்சியிலும் ஈடுபட்டார்கள். பெண்கள் குழு ஒன்றையும் உருவாக்கினார்கள். இவ்விரண்டில் எது கலையை வாழ வைக்கும் என்று என்னைக் கேட்டால், பெண்கள் குழு என்றே சொல்வேன். இயந்திரக் கை பாவையை ஆட்டும், எதிர்க்கேள்வி கேளாது.

இந்த ஆனைக்கரையில் கம்பன் என்றால், அந்த ஆனைக்கரைப் பக்கத்தில் இளங்கோ. கட்டப்பனையை அடுத்த கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு மன்னான் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இன்றும் அவர்களுக்கு அரசர் உண்டு. 2025-ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பைக் காண அவ்வரசர் இராமன் ராஜமன்னான் தில்லிக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் கூற்று. அவர்கள் பேசுவதும் தமிழின் சாயலுடைய மொழியே. காலாவூட்டு என்னும் திருவிழாவில் அவர்கள் இரவெல்லாம் ஆடும் கூத்தில், கோவலன் கண்ணகி கதையே பாடப்படுகிறது. அச்சுப் புத்தகம் பார்த்துப் பாடுவதன்று. செவியால் வாங்கி வாயால் கொடுப்பது.

இதைக் கேட்டபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. அந்தக் காப்பியம் எப்படிப் பிறந்தது? மலைவாழ் குறவர்கள், வேங்கை மரத்து நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணொருத்தி வானுலகம் சென்ற வியப்பைக் கண்டார்கள். கண்டதை வந்து சொன்னார்கள். பதிகத்தில் இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். காட்சிக் காதையில், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அவர்கள் அறிந்தது கடைசிக் காட்சி மட்டுமே. அவள் யார், ஏன் வந்தாள் என்பதைச் சாத்தனார் எடுத்துரைக்கிறார். எழுத்தறியாத மலைவாணர் பாதி சொல்ல, மதுரைப் புலவர் பாதி சொல்ல, கேட்டிருந்தவர் காப்பியம் செய்தார். இளங்கோவடிகள் அன்று நன்றாகக் கேட்டிருக்கிறார். அதே மலைத்தொடரில், குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு, ஆண்டில் ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும், இரு மாநிலத்து மக்களும் ஏறிச் செல்கிறார்கள். நம்மவர் பலரும் போய் வந்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்குச் சில மணி நேரத் தொலைவில் அதே கண்ணகியைப் பாடி ஆடும் மக்கள் இருக்கிறார்கள் என்பதை, போய் வந்தவர்களில் எத்தனை பேர் அறிவோம்?

இணையத்தைக் குறை கூறுவதற்காக நான் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. இணையம் இல்லாவிட்டால் ஹைத்திப் பெண்ணின் 'க்ரிக்' நம் காலனிக்கு எட்டியிராது. மலை ஆனைக்கரை மூதாட்டியார், புழை ஆனைக்கரை ஆசிரியரின் கதையைக் கேட்டு, "அட, நம்ம பிள்ளைகளத்தான் அங்க பன்னெண்டாக்கிட்டாக!" என்று சொல்லியிருக்கவும் மாட்டார். ஆனால் அக்கருவியில் ஓர் இயல்பான குறை உண்டு. பத்து மொழிகளைப் பேசும் மக்களின் உரையாடல்களை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே செல்கிறது என்று கண்டார்கள். இணையத்தில் குரல் போய்ச் சேரவே சில வேளை அந்நேரம் பிடித்துவிடும். நாற்பது பேர் ஒலிவாங்கியைத் திறந்து உம் கொட்டினால், நாற்பது உம்மும் தாறுமாறாக வந்து கதையை மூழ்கடிக்கும். அடைத்து வைத்தாலோ கதை வாடுகிறது. அருகில் அமர்ந்த ஒரு குரல், ஒரே ஒரு குரல், சொல்பவருக்குப் போதும் என்பதை அந்தப் பேத்தி காட்டினாள். மாலியிலும் சத்தீஸ்கரிலும் பழைய மக்கள் அதற்கென்று ஒருவரை நியமித்ததன் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பெரும்பாலோர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் குறைவு. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு வைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோம். மூன்றாம் ஞாயிறில் ஆசிரியரும் கரும்பலகையும் மட்டும் எஞ்சுகிறார்கள். வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உம் கொட்ட எழுத்து வேண்டியதில்லை. எழுத்தறியாத அப்பத்தாவும், தமிழ் எழுத்தறியாத பேத்தியும் சேர்ந்தே அன்று அக்கதையை முழுமையாக்கினார்கள். கதையைப் பதிவு செய்து வைத்தால் போதும், பிள்ளைகள் பிறகு கேட்டுக் கொள்வார்கள் என்று நண்பர்கள் சிலர் கூறுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. 11 நிமிடப் பதிவும் நம்மிடம் இருக்கிறது. பேத்தி உடனிருந்த பதிவும் இருக்கிறது. இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

அந்த மூதாட்டியார் இவ்வாண்டு வைகாசியில் காலமானார். அவருக்குத் தெரிந்த ஏனைய கதைகள் எத்தனை என்பது வீட்டாருக்கே தெரியாது, கேட்டவர் இல்லை.

வருகிற மார்கழியில் மீண்டும் கதை மாலை நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இம்முறை ஏற்பாடு சற்று மாறுகிறது. கதை சொல்பவர் எவரும் தனியே கைப்பேசியின் முன் அமரலாகாது. பக்கத்தில் ஒரு பிள்ளையோ பெரியவரோ இருக்க வேண்டும். அவ்விருவரின் குரலும் திறந்திருக்க வேண்டும். மலையாள அண்டை வீட்டார் இரண்டு கதை சொல்ல இசைந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து 'உம்' போட நம் பிள்ளைகள் வேண்டும். கூத்துமாடத்துப் புலவர் ஒருவரையும் அழைக்க முயன்று வருகிறோம். அவருக்குப் பக்கப் புலவர் தேவை. அது நம்மால் ஆகாது, அவரே அழைத்து வருவார்.

ஆதி பகவன் கதையை இம்முறை அந்தப் பேத்தியே சொல்ல ஒப்புக் கொண்டிருக்கிறாள். அவள் வீட்டில் இப்போது உம் கொட்ட ஆள் இல்லை. தாய் தந்தையர் இருவரும் தோட்டத்திலிருந்து திரும்ப இரவாகிவிடுகிறது. ஆகவே அன்று மட்டும் இங்கிருந்து ஒரு பிள்ளை மலையேறிப் போய் அவள் பக்கத்தில் அமர்ந்தால் நலம் என்று நினைக்கிறோம். அரையாண்டு விடுமுறைதான், வழிச் செலவைச் சங்கம் ஏற்கும். போக விரும்பும் பிள்ளைகள், பெற்றோர் சம்மதத்தோடு, சிற்றுண்டிக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.